மார்ட்லாக்கில் ஒரு தோல் பெட்டி: ஆல்பியன் ஆன்லைன் பற்றி ஒரு ஸ்டோர் கீப்பர்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் 11 வருடமாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். கெமிக்கல் டிரம்மோ கையுறையோ மோட்டார் பெல்ட்டோ, எது உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் என் ரிஜிஸ்டரில் ஏறித்தான் ஆக வேண்டும். இண்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு) இல்லாமல் வந்தால் முதலாளியின் மச்சானுக்கே ஒரு போல்ட் கொடுக்காதவன் என்று எனக்குப் பெயர். அதைப் பாராட்டாக யாரும் சொல்வதில்லை. சத்துவாச்சாரியிலிருந்து கம்பெனிக்குப் போக வர பஸ்ஸிலேயே தினம் ஒன்றரை மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் இரண்டு வருடமாக ஆல்பியன் ஆன்லைன் என்கிற இணைய விளையாட்டை ஆடுகிறேன்.

இந்த விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் சண்டை எப்படி, படம் எப்படி, ஃபோன் சூடாகிறதா என்றுதான் எழுதுகிறார்கள். சூடாகிறது. வேலூரில் மே மாதம் ஃபோனைச் சும்மா சட்டைப் பையில் வைத்திருந்தாலே சூடாகிறது, அதற்கு விளையாட்டைக் குறை சொல்ல முடியாது. நான் பார்க்கப் போவது ஒரே விஷயத்தை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் ஆடும்போது ஒருவன் பொருளை இன்னொருவன் எடுத்துக்கொண்டால் என்ன நடக்கிறது? யாரிடம் போய்க் கேட்பது? ஸ்டோர் கீப்பருக்கு வேறு என்ன கண்ணில் படும்?

முதலில் தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெர்லினில் இருக்கும் சாண்ட்பாக்ஸ் இன்டராக்டிவ் செய்தது. 2017 ஜூலையில் வந்தது, 2019 முதல் இலவசம், 2021 ஜூனில் ஃபோனுக்கு வந்தது. 2023இல் ஆசியாவுக்கென்று தனி சர்வர் போட்டார்கள். தமிழில் இல்லை, இங்கிலீஷ் தடுமாறி வாசிக்கத் தெரிந்தால் போதும். பிரீமியம் என்று காசு கொடுத்து வாங்கும் ஒன்று உண்டு, கட்டாயம் இல்லை.

உள்ளே போனால் வாளும் கவசமும் கடையில் தானாக முளைப்பதில்லை. யாராவது ஒருவர் மரம் வெட்ட வேண்டும், தாது தோண்ட வேண்டும், மிருகத்தை அடித்துத் தோல் எடுக்க வேண்டும், இன்னொருவர் அதை வைத்துப் பொருள் செய்ய வேண்டும். ஐந்து பெரிய நகரங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சரக்கைப் பதப்படுத்தினால் லாபம் கூடும். தோலுக்கு மார்ட்லாக். என் ஜாதகம், விளையாடப் போன இடத்திலும் தோல் ஊரிலேயே போய் உட்கார்ந்தேன். நான்காம் தரத் தோல் இரண்டு, மூன்றாம் தரத்தில் ஏற்கெனவே பதப்படுத்திய தோல் ஒன்று, ஒரு பட்டன், சரக்கு ரெடி. ஊறப்போடவில்லை, சுண்ணாம்பு இல்லை, குரோம் இல்லை, டிரம் சுற்றவில்லை, வாடையும் இல்லை. எங்கள் கம்பெனி மேஸ்திரியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிபா, கழிவுத் தண்ணி எங்க போவுது?" என்று கேட்டார். பாலாற்றங்கரையில் பிறந்தவருக்கு வேறு கேள்வி வராது.

சரி, திருட்டுக்கு வருவோம்.

ஆல்பியன் உலகம் நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நீலப் பகுதியில் உங்கள் பொருளுக்கு ஆபத்தில்லை. மஞ்சளில் யாராவது வந்து உங்களைச் சாய்க்கலாம், ஆனால் மூட்டையில் கை வைக்க முடியாது. சிவப்பில் கொன்றுவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்கிறவனுக்கு அங்கே மதிப்பு குறையும், எத்தனை பேர் அந்த மாதிரி எண்ணத்தோடு சுற்றுகிறார்கள் என்று திரையிலும் காட்டும். கறுப்பில் எந்தக் கேள்வியும் இல்லை. 'கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை, ஆறு உண்டு தண்ணீர் இல்லை' என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. சாமி 1981இலேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், கிண்டல் மட்டும் போகவில்லை. கறுப்புப் பகுதி கிட்டத்தட்ட அந்த ராஜா இல்லாத கோட்டைதான்.

சேர்ந்த மூன்றாவது வாரம் மாட்டின் மேல் தோல் மூட்டையை ஏற்றிக்கொண்டு சிவப்பில் இறங்கினேன். நடுவில் இருக்கும் கேர்லியன் நகரத்துக்கு அப்படித்தான் போக வேண்டும், அங்கே விலை கூட. நிஜத்தில் பஸ் மேல்விஷாரத்தில் நின்றிருந்தது. மேலே எண்ணிக்கை மூன்று என்று காட்டியது. பார்த்தேன். மூன்று பேர்தானே, எங்கேயோ இருப்பார்கள் என்று போனேன். ஆற்காடு வருவதற்குள் மாடும் போச்சு, மூட்டையும் போச்சு, போட்டிருந்த கவசமும் போச்சு. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, "யாருக்காவது ஒடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்டார், என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

ஆனால் கோபம் வரவில்லை. பாலாற்றுப் பாலம் தாண்டும்போது யோசித்துப் பார்த்தேன், ஏன் வரவில்லை என்று. நிறம் போட்டிருந்தது, எண்ணிக்கை காட்டியது, நான்தான் போனேன். என்னைக் கொன்றவர்களும் அதே சிவப்பில், தங்கள் கவசத்தைப் பணயம் வைத்துத்தான் நின்றார்கள். விளையாட்டு இதைத் திருட்டு என்று சொல்வதே இல்லை.

இதை நான் மெச்சுவதற்கு ஒரு பழைய காயம் காரணம். 2006 வாக்கில், காலேஜ் படிக்கும்போது, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 15 ரூபாய் கொடுத்து ரூன்ஸ்கேப் என்கிற ஆன்லைன் விளையாட்டை ஆடினேன். மூன்று மாதம் சேர்த்து ஒரு முழுக் கவசம் வாங்கினேன். ஒருத்தன் வந்து, உன் கவசத்துக்கு இலவசமாகத் தங்கக் கரை போட்டுத் தருகிறேன், கொடு என்றான். கொடுத்தேன். சிரிக்காதீர்கள், உலகம் முழுக்க அந்தக் காலத்தில் அந்தக் கரையில் விழுந்தவர்கள் ஏராளம். அது எந்தச் சிவப்புப் பகுதியும் இல்லை, நகரத்துக்கு நடுவில், பாங்குக்கு எதிரில் நடந்தது. இன்றைக்கும் வலிக்கிறது. மேல்விஷாரத்தில் போன மாடு வலிக்கவில்லை.

அந்த விளையாட்டில் பிறகு நடந்தது எல்லாருக்கும் பாடம். நிஜப் பணத்துக்கு விளையாட்டுத் தங்கம் விற்கிற கூட்டத்தை அடக்குவதற்காக 2007 டிசம்பரில், வனாந்தரம் என்கிற பகுதியில் ஒருவரை ஒருவர் கொல்வதை எடுத்தார்கள். அடுத்த மாதம் கொடுக்கல் வாங்கலுக்கும் வரம்பு போட்டார்கள். ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் பொருள்கள் ஏறக்குறைய சம மதிப்பில் இருக்க வேண்டும். திருடர் வாலை நறுக்கியது சரிதான், ஆனால் தம்பிக்கு அண்ணன் ஒரு வாளைச் சும்மா கொடுக்கவும் வழி இல்லாமல் போனது. 2011 பிப்ரவரியில், ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, இரண்டையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன் என்கிற விளையாட்டு வேறு விதம். அங்கே திருடுவது ஒரு கைத்தொழிலாகவே இருந்தது, பிடிபட்டால் காவலர் ஒரே வெட்டு. புதியவர்கள் கொலைகாரர்களிடம் படும் பாட்டைப் பார்த்து 2000இல் உலகத்தையே இரண்டாக்கினார்கள், ஒன்றில் சாதுக்கள், ஒன்றில் பழையபடி. ஆல்பியன் அந்த இரண்டு உலகத்தையும் ஒரே வரைபடத்தில் நிறமாகப் போட்டுவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

இதுவரை விளையாட்டு பார்த்துக்கொள்கிற நியாயம். அது பார்த்துக்கொள்ளாத இடம் கில்டு, அதாவது ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் சங்கம்.

எங்கள் கில்டில் 14 பேர். ஆம்பூர், வாலாஜா, ஆற்காடு, காட்பாடி, குடியாத்தம். தலைவர் நான், திறமையால் அல்ல, கணக்கு எழுதுவேன் என்பதால். கில்டுக்கு ஒரு தீவு, தீவில் பெட்டிகள். எந்தப் பெட்டியை யார் திறக்கலாம் என்று தலைவர் உரிமை கொடுக்கலாம். பெட்டிக்கு ஒரு பதிவேடு உண்டு: யார், என்ன, எத்தனை, எப்போது வைத்தார் அல்லது எடுத்தார் என்று தானாக ஏறும். அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னால் மிகை, ஆனால் கிட்டத்தட்ட. எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு ரிஜிஸ்டர் கிடைக்க நான் எத்தனை முறை மனு கொடுத்திருக்கிறேன்!

போன வருடம் மே மாதம் ஒரு காலை பெட்டியைத் திறந்தால் காலி. ஐந்தாம் தரப் பதப்படுத்திய தோல் 60, நான்கு கவச ஜோடி, மொத்தப் பேரும் இரண்டு மாதம் உழைத்தது. பதிவேட்டில் ஒரே பெயர், குடியாத்தத்துப் பையன். நேரம் ராத்திரி 2.40. எழுத்தில் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரைப் போட்டு, பதிவேட்டைப் படம் எடுத்துப் போட்டு, "வளர்த்த கடா" என்று ஒரு வார்த்தையும் சேர்த்து, கில்டிலிருந்து நீக்கினேன். எல்லாம் காலை காப்பிக்கு முன்னால்.

பத்து மணிக்கு அவன் போன் செய்தான். "நான் எடுக்கலண்ணா" என்றான். பின்னால் மேளச் சத்தம், ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. பதிவேட்டில் இருக்கிறதே என்றேன். "நான் எடுக்கலண்ணா" என்று மறுபடி அதையே சொன்னான். வைத்துவிட்டேன்.

சாயந்திரம் ஆம்பூர்க்காரர் கூப்பிட்டார். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், அதிகம் பேசமாட்டார். "இன்னைக்கு வைகாசி ஒண்ணாம் தேதி. குடியாத்தத்துல கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. சிரசு அன்னைக்கு ராத்திரி ரெண்டே முக்காலுக்கு அந்த ஊர்ப் பையன் கேம் ஆடிக்கினு இருப்பானா? யோசிங்க" என்றார்.

யோசித்தேன். காட்பாடியில் இன்னும் மூன்று பேரோடு ரூம் எடுத்துப் படிக்கிற பையன். திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டான். ரூமில் இருந்த லேப்டாப்பில் அவன் கணக்கு திறந்தபடியே இருந்திருக்கிறது. ரூம்மேட் ஒருவனும் ஆல்பியன் ஆடுகிறவன். மறுநாள் அவன் பாத்திரம் எங்கள் கவசத்தைப் போட்டுக்கொண்டு மார்ட்லாக்கில் நின்றதை வாலாஜாக்காரர் நேரில் பார்த்தார். கேட்டதும் ஒத்துக்கொண்டான். தோலை விற்றுவிட்டிருந்தான்.

11 வருடம் ரிஜிஸ்டர் எழுதியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கேட் பாஸில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று ரிஜிஸ்டர் சொல்லும். அந்தப் பேனாவைப் பிடித்த கை யாருடையது என்று சொல்லாது. கம்பெனியில் இப்படி ஒரு பழி ஒரு லோடுமேன் மேல் விழுந்தபோது, ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள் என்று மானேஜரிடம் வாதாடியவன் நான். விளையாட்டு என்றதும் அந்தப் புத்தி எங்கே போனதோ.

இன்னொன்றும் அன்றைக்கு உறைத்தது. பொருள் பறிகொடுத்தவன் நான், சாட்சி நான், தீர்ப்பும் நான். ஈவ் ஆன்லைன் என்று ஒரு விண்வெளி விளையாட்டு, ஐஸ்லாந்தில் சிசிபி என்கிற கம்பெனி 2003இல் வெளியிட்டது. அங்கே உள்ளே நுழைந்து நம்ப வைத்து சங்கத்தின் கஜானாவைக் காலி செய்வதும் ஆட்டத்தில் சேர்த்தி, கம்பெனி தலையிடாது. அப்படிப்பட்ட ஆட்டக்காரர்களே கொதித்த ஒரு சமயம் உண்டு. கம்பெனி ஊழியர் ஒருவரே, தான் ஆடும் அணிக்குப் பொருள் செய்ய உதவும் அரிய வரைபடங்களை (ப்ளூபிரிண்ட்) முறைகேடாகச் சேர்த்துக்கொண்டது 2007இல் வெளியே வந்தபோதுதான் அது. திருடன் திருடினால் பொறுத்துக்கொண்டார்கள், நடுவர் ஆடியதைப் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு 2008இல் ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றம் அமைந்தது, இன்னும் நடக்கிறது. எங்கள் 14 பேருக்கு மன்றமெல்லாம் அதிகம். இப்போது ஒரு தகராறு என்றால், அதில் ஒரு பைசாவும் இழக்காத இரண்டு பேர் கேட்பார்கள், நான் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் பொறுத்துத்தான் பெயரைக் குழுவில் போட வேண்டும். அந்த ஒரு நாள் பெட்டியை மட்டும் பூட்டி வைக்கலாம்.

ரூம்மேட்டை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. கேம் பொருள்தானே, விடு என்றார் ஒருவர். நெதர்லாந்தில் 2007இல் இரண்டு பையன்கள் இன்னொரு பையனை அடித்து, கத்தியைக் காட்டி, அவன் ரூன்ஸ்கேப் கணக்கிலிருந்து ஒரு தாயத்தையும் ஒரு முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருள், திருட்டாகுமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 ஜனவரியில், ஆகும் என்று தீர்ப்பு. சம்பாதிக்க நேரமும் உழைப்பும் போட்டிருக்கிறான், அவன் கையில் இருந்தது, இப்போது இல்லை. நம் ஊர்ச் சட்டத்திலும் அடுத்தவர் பாஸ்வேர்டை நேர்மையில்லாமல் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இதைச் சொன்னதும் ரூம்மேட்டின் குரல் மாறியது. ஆனால் போலீசுக்குப் போக வேண்டாம் என்று சொன்னது குடியாத்தத்துப் பையன்தான். ஒரே ரூமில் இன்னும் ஒரு செமஸ்டர் இருக்க வேண்டுமே.

பிறகு செய்தது எங்கள் மாவட்டத்துத் தீர்ப்பை ஒட்டித்தான். பாலாற்றைத் தோல் தொழிற்சாலைகள் கெடுத்த வழக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. என் தொழிலுக்கு எதிரான தீர்ப்புதான். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது: அபராதத்தோடு விடாமல், கெட்டதைச் சரி செய்யும் செலவும் அதில் சேர்ந்தது. ரூம்மேட் கவசங்களைத் திருப்பிக் கொடுத்தான். விற்ற 60 தோலுக்கு மிருகத்தை அவனே அடித்து, அவனே பதப்படுத்தி, ஆறு வாரத்தில் பெட்டியை நிரப்பினான். நீக்கிவிட்டு மறந்திருந்தால் எங்களுக்குத் தோலும் வந்திருக்காது, அவனுக்கும் அது எத்தனை நாள் வேலை என்று தெரிந்திருக்காது. எங்கள் கில்டுக்கு வருகிறேன் என்று கேட்டான். அதற்கு மட்டும் 13 பேரும் முடியாது என்றார்கள்.

மற்றபடி லூட், அதாவது சண்டையில் கிடைக்கும் பொருள், அதைப் பங்கு போடுகிற தகராறுகள் உண்டு. பெரிதாக எழுத ஒன்றுமில்லை. ஊரை விட்டுக் கிளம்புமுன் பங்கை எழுதி வைத்துவிட்டால் வருகிற சண்டை, பிரியாணி ஆம்பூரா ஆற்காடா என்கிற சண்டைதான்.

வாங்கலாமா, ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு: இலவசம், இறக்கிப் பாருங்கள். சிவப்புக்குப் போகும்போது தொலைத்தால் அழ மாட்டேன் என்கிற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். ஓடுகிற பஸ்ஸில் சிவப்பு வேண்டவே வேண்டாம், ரத்தினகிரி தாண்டி சிக்னல் எப்போது போகும் என்று முருகனுக்குத்தான் தெரியும். கில்டில் சேர்ந்தால் பெட்டிப் பதிவேட்டைத் தினமும் பாருங்கள், கணக்கைத் திறந்துவைத்து லேப்டாப்பை விட்டுப் போகாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு நான் கொடுக்க மாட்டேன். என் பையன் கேட்டான், நீலத்தில் மட்டும் மீன் பிடி என்று சொல்லியிருக்கிறேன். அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். ஒன்று குறைந்தது என்னால்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்துப் பையனிடம், பெயரைக் கெடுத்த அதே குழுவிலேயே மன்னிப்பு எழுதினேன். படத்தை அழித்தேன், பார்த்தவர்கள் கண்ணிலிருந்து அழிக்க முடியாது. ஒரு வாரம் பதில் இல்லை. அப்புறம் திரும்பி வந்தான். பழையபடி எல்லாரையும்விட அதிகம் தோல் கொண்டு வருகிறவன் அவன்தான். பெட்டி உரிமையை மறுபடி கொடுத்தேன். அன்றைக்கே செய்தி வந்தது: "அது மட்டும் வேணாண்ணா, எடுத்துடுங்க." எடுத்துவிட்டேன். இப்போதும் ஒவ்வொரு ராத்திரியும், நான் மார்ட்லாக்குக்கு வரும் வரை காத்திருந்து, எண்ணி என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான்.